"இதை யாராவது படிப்பாங்களா, டீச்சர்?" – அமெரிக்க மக்கள் தம் பிரதிநிதிகளுக்கு எழுதிய கதை



ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அலுவல் கடிதம் எழுதும் முறையை அண்மையில் கற்பித்துக் கொண்டிருந்தேன். அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, தேதி, விளிப்பு, தலைப்பு, கருத்துகள், இறுதியில் கையொப்பம் என்று வெண்பலகையில் வரிசையாக எழுதினேன். குடியிருப்புப் பகுதியில் பழுதடைந்து கிடக்கும் தெருவிளக்கைச் சரிசெய்யுமாறு நகராண்மைக் கழகத்திற்கு எழுத வேண்டும் என்பது பயிற்சி. அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "இதை உண்மையாவே யாராவது படிப்பாங்களா, டீச்சர்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, "படிப்பார்கள், நீ முதலில் எழுத்துப்பிழை இல்லாமல் எழுது" என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

வீடு திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இத்தனை ஆண்டுகளாகக் கடிதத்தின் அமைப்பைக் கற்பித்து வந்திருக்கிறேன். அது போய்ச் சேரும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி ஒரு நாளும் மாணவர்களிடம் பேசியதில்லை.

விடை தேடியபோது எனக்குக் கைகொடுத்தது அமெரிக்க வரலாறு. அந்நாட்டு மக்கள் தங்கள் நாடாளுமன்றமான காங்கிரசுக்கு எழுதிய மனுக்களும் கடிதங்களும் பெருமளவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. மேலும், அங்கே பிரதிநிதிகள் சபையில் கல்வியையும் தொழிலாளர் நலனையும் ஒரே குழு கவனிக்கிறது. பள்ளிக்கூடத்தையும் தொழிற்சாலையையும் ஒருசேரப் பார்க்கும் குழு அது. ஏழைக் குழந்தையின் வாழ்வில் இவ்விரண்டும் எவ்வளவு நெருக்கமானவை என்பதை ஆசிரியர்களாகிய நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆகவே, கல்விச் சட்டத்திற்காகவும் தொழிலாளர் சட்டத்திற்காகவும் சாதாரண மக்கள் எழுதிய கடிதங்கள் என்ன செய்தன, என்ன செய்யவில்லை என்பதை இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எழுதும் உரிமை

1791-ஆம் ஆண்டு அமெரிக்க அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட முதல் திருத்தம் பேச்சுரிமை, பத்திரிகை உரிமை, சமய உரிமை ஆகியவற்றுக்குப் பெயர் பெற்றது. அதே திருத்தத்தின் கடைசிப் பகுதி, தம் குறைகளைக் களையுமாறு அரசாங்கத்திடம் மனுச் செய்யும் உரிமையையும் மக்களுக்கு வழங்குகிறது. வாக்குரிமை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எனவே, வாக்களிக்க முடியாத பெண்களும் மனு எழுதினார்கள்.

ஆனால், எழுதுவது ஒன்று, ஏற்கப்படுவது மற்றொன்று. 1830-களில் அடிமை முறையை எதிர்த்து மனுக்கள் வந்து குவிந்தன. அவற்றில் கையெழுத்திட்டவர்களில் பெண்கள் பெரும் எண்ணிக்கையினர். 1836-ஆம் ஆண்டு மே மாதம் பிரதிநிதிகள் சபை ஒரு விதியை நிறைவேற்றியது. அடிமை முறை பற்றிய எந்த மனுவும் படிக்கப்படாமலும் விவாதிக்கப்படாமலும் ஒதுக்கி வைக்கப்படும் என்பதே அவ்விதி. மக்கள் இதனை வாய்ப்பூட்டு விதி என்று அழைத்தனர்.

இவ்விதியை எதிர்த்து ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் போராடியவர் ஜான் குவின்சி ஆடம்ஸ். 1825 முதல் 1829 வரை நாட்டின் அதிபராக இருந்த அவர், பின்னர்ச் சாதாரண உறுப்பினராகச் சபைக்குத் திரும்பியவர். 1837-ஆம் ஆண்டு பிப்ரவரியில், அடிமைகளே அனுப்பியதாகத் தோன்றிய மனுவொன்றைக் குறித்து, இதுவும் அந்த விதிக்குள் அடங்குமா என்று சபையில் அவர் கேட்டார். பெருங்கூச்சல் எழுந்தது. இறுதியில், அடிமைகளுக்கு மனுச் செய்யும் உரிமையே கிடையாது என்று சபை தீர்மானித்தது. வாய்ப்பூட்டு விதி 1844-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் நீக்கப்பட்டது.

இந்த நிகழ்ச்சியை மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள். யார் எழுதலாம், யாருடைய எழுத்து படிக்கப்படும் என்னும் கேள்வி இவ்வரலாறு முழுவதும் நம்மைத் தொடர்ந்து வரப் போகிறது.

நெசவாலைப் பெண்களின் மனு

மக்கள் பிரதிநிதி ஒருவரைக் கடிதமும் மனுவும் எந்த அளவுக்குத் தொட முடியும் என்பதை, காங்கிரசுக்கு வெளியே, மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. அங்குள்ள லோவல் நகரின் பருத்தி ஆலைகளில் பெரும்பாலும் இளம்பெண்களே வேலை செய்தனர். நாள்தோறும் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேர வேலை. இயந்திர இரைச்சலும் பஞ்சுத் தூசியும் நிறைந்த கூடங்கள். வேலை நேரத்தைப் பத்து மணியாகக் குறைக்கச் சட்டம் வேண்டும் என்று கேட்டு, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் மாநிலச் சட்டமன்றத்திற்கு மனுச் செய்தனர். இம்முயற்சியை முன்னின்று நடத்தியவர் சாரா பேக்லி என்ற ஆலைத் தொழிலாளி.

1845-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இம்மனுக்களை விசாரிக்க ஒரு குழு அமைந்தது. தலைவர் லோவல் நகரின் உறுப்பினரான வில்லியம் ஸ்கூலர். சாரா பேக்லியும் சில பெண்களும் நேரில் சென்று சாட்சியம் அளித்தனர். குழு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. குறைகள் இருப்பதை ஒப்புக்கொண்டது. ஆனால், அவற்றைத் தீர்ப்பது சட்டமன்றத்தின் வேலையன்று என்று அறிக்கை எழுதி முடித்துவிட்டது.

அப்பெண்கள் ஓய்ந்துவிடவில்லை. அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. எனினும், ஸ்கூலர் மீண்டும் வெற்றி பெறக்கூடாது என்று வெளிப்படையாகப் பிரசாரம் செய்தனர். அவ்வாண்டின் தேர்தலில் அவர் தோற்றார். பத்து மணி நேரச் சட்டம் உடனே கிடைத்துவிட்டதா என்றால், இல்லை. மாசச்சூசெட்ஸ் மாநிலம் அச்சட்டத்தை 1874-ஆம் ஆண்டில்தான் இயற்றியது. மனு எழுதியவர்களுள் பலர் அதற்குள் ஆலையை விட்டே போயிருப்பார்கள்.

கடிதத்தின் பயனை உடனுக்குடன் எதிர்பார்ப்பவர்கள் இந்த 29 ஆண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பள்ளியில் இருக்கவேண்டிய குழந்தைகள்

1900-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிக்கணக்கின்படி, 10 முதல் 15 வயது வரையிலான குழந்தைகளில் ஏறத்தாழ 17 இலட்சத்து 50 ஆயிரம் பேர் வேலை செய்து வந்தனர். நெசவாலை, நிலக்கரிச் சுரங்கம், கண்ணாடித் தொழிற்சாலை, வயல்வெளி என அவர்கள் இல்லாத இடமில்லை. ஆசிரியராக இருந்து பின்னர்ப் புகைப்படக் கலைஞரான லூயிஸ் ஹைன், 1908 முதல் இக்குழந்தைகளைப் படமெடுத்து நாட்டுக்குக் காட்டினார். மக்கள் கொதித்தெழுந்தனர். 1916-ஆம் ஆண்டு காங்கிரஸ் முதல் கூட்டரசுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது.

அச்சட்டம் ஈராண்டுகள்கூட நிலைக்கவில்லை. வட கரோலைனா மாநிலத்தில் ரோலண்ட் டேகன்ஹார்ட் என்னும் ஆலைத் தொழிலாளி, தம் இரு மகன்கள் ஆலையில் வேலை செய்வதைச் சட்டம் தடுக்கிறது என்று வழக்குத் தொடுத்தார். ஆலை முதலாளிகளின் ஆதரவு அவ்வழக்குக்கு இருந்தது. 1918-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

அந்த மகன்களுள் ஒருவரான ரூபென் டேகன்ஹார்ட்டைச் சில ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு செய்தியாளர் தேடிச் சென்று சந்தித்தார். வளர்ச்சி குன்றிய உடலோடு இருந்த அந்த இளைஞர், தமக்குப் பள்ளிப் படிப்பு கிடைக்காமல் போனதற்காக வருந்தினார். எவருடைய "உரிமை"க்காக வழக்கு நடந்ததோ, அவரே அந்த வெற்றியினால் இழந்தது பள்ளிக்கூடம்! இந்தப் பகுதியைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன்.

காங்கிரஸ் விட்டுவிடவில்லை. வரியின் வழியாகக் குழந்தைத் தொழிலைத் தடுக்க முயன்றது. அதையும் 1922-இல் நீதிமன்றம் தள்ளியது. 1924-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தையே திருத்த முற்பட்டது. அத்திருத்தம் மாநிலங்களின் ஒப்புதலுக்குச் சென்றபோதுதான், கடிதத்தின் மறுபக்கம் வெளிப்பட்டது. எதிர்ப்பாளர்களும் எழுதினார்கள்! இத்திருத்தம் வந்தால், பண்ணை வீட்டுப் பிள்ளை மாட்டுத் தொழுவத்தைக் கூட்டினாலும் அரசாங்கம் வந்து தடுக்கும் என்று உழவர்களிடையே அச்சம் பரப்பப்பட்டது. உற்பத்தியாளர் சங்கங்கள் இப்பிரசாரத்தின் பின்னால் நின்றன. அவ்வாண்டு நவம்பரில் மாசச்சூசெட்ஸ் வாக்காளர்களே ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அதை நிராகரித்தனர். 1937-ஆம் ஆண்டுக்குள் ஒப்புதல் அளித்தவை 28 மாநிலங்கள் மட்டுமே. அன்று தேவைப்பட்டதோ 36.

பொய்த் தந்திகள்

எண்ணிக்கையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1935-ஆம் ஆண்டு ஒரு பாடம் கிடைத்தது. அது கல்வி, தொழிலாளர் மசோதா அன்று. மின்சார நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் மசோதா. ஆயினும், நம் கட்டுரைக்கு அது மிகவும் தேவைப்படுகிறது.

பென்சில்வேனியாவைச் சேர்ந்த டெனிஸ் டிரிஸ்கால் என்ற உறுப்பினருக்கு, அம்மசோதாவை எதிர்த்து நூற்றுக்கணக்கான தந்திகள் திடீரென்று வந்தன. பெரும்பாலானவை ஒரே சிற்றூரிலிருந்து வந்தவை. பெயர்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோது அவருக்கு ஐயம் எழுந்தது. அனுப்பியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில அகரவரிசையின் முற்பகுதி எழுத்துகளிலேயே தொடங்கின! யாரோ ஒரு பெயர்ப்பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, முதல் பக்கங்களிலிருந்து பெயர்களை எடுத்திருக்கிறார்கள் என்பது புலனாயிற்று. செனட் உறுப்பினர் ஹியூகோ பிளாக் தலைமையிலான விசாரணைக் குழு, மின்சார நிறுவனங்களே பணம் கொடுத்து அத்தந்திகளை அனுப்பச் செய்தன என்பதை வெளிக்கொணர்ந்தது. பெயருக்குரியவர்கள் பலருக்குத் தம் பெயரில் தந்தி போனதே தெரியாது.

நம் வகுப்பறையிலும் இதன் சிறு நிழல் உண்டல்லவா? ஒரே மாதிரிக் கடிதத்தை முப்பது மாணவர்களும் பார்த்து எழுதிவந்து கொடுக்கும்போது, நாம் படிப்பது முப்பது கடிதங்களா, ஒரே கடிதமா?

ஒரு சிறுமியின் துண்டுக் கடிதம்

1936-ஆம் ஆண்டு அதிபர் பிராங்கிளின் ரூஸ்வெல்ட் மறுதேர்தலுக்காக மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் பிரசாரம் செய்துகொண்டிருந்தார். கூட்டத்திலிருந்து ஓர் இளம்பெண் அவரிடம் ஓர் உறையைக் கொடுக்க முயன்றாள். காவலர் ஒருவர் அவளைக் கூட்டத்திற்குள்ளேயே தள்ளிவிட்டார். அதைக் கண்ட ரூஸ்வெல்ட், அந்தக் கடிதத்தை வாங்கி வருமாறு தம் உதவியாளரை அனுப்பினார்.

கடிதத்தில் வீர வசனங்கள் எவையும் இல்லை. தாங்கள் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்கள் என்றும், சில மாதங்களுக்கு முன்புவரை வாரத்துக்குக் குறைந்தது 11 டாலர் சம்பளம் கிடைத்து வந்தது என்றும், இப்போது 200 பேருக்கும் அது 4, 5, 6 டாலர்களாகக் குறைக்கப்பட்டுவிட்டது என்றும், தங்களுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்றும் அவள் எழுதியிருந்தாள். அவ்வளவே. அதிபர் அதைப் பின்னர்ச் செய்தியாளர்களிடம் எடுத்துச் சொன்னார். குழந்தைத் தொழிலையும் நீண்ட வேலை நேரத்தையும் பட்டினிச் சம்பளத்தையும் ஒழிக்க ஏதேனும் செய்தாக வேண்டும் என்றார்.

ஆசிரியர்களே, அந்தக் கடிதத்தை நம் மதிப்பெண் அளவுகோலால் திருத்திப் பாருங்கள். எங்கே வேலை, எத்தனை பேர், முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு, என்ன வேண்டும் என ஐந்து செய்திகளும் அதில் இருந்தன. அலங்காரம் மட்டும் இல்லை.

எனினும், ஒரு கடிதம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது என்று சொன்னால் அது கதையாகிவிடும். நடந்தது நீண்ட போராட்டம். 1937-ஆம் ஆண்டு மே மாதம் ஹியூகோ பிளாக் செனட்டிலும், தொழிலாளர் குழுத் தலைவர் வில்லியம் கானரி பிரதிநிதிகள் சபையிலும் நியாயமான உழைப்புத் தரச் சட்டத்திற்கான மசோதாவைக் கொண்டுவந்தனர். அடுத்த மாதமே கானரி காலமானார். நியூ ஜெர்சியைச் சேர்ந்த மேரி நார்ட்டன் அம்மையார் அப்பொறுப்பை ஏற்றார். எந்த மசோதா எப்போது விவாதத்துக்கு வரவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் விதிகள் குழு, மசோதாவைத் தடுத்து வைத்தது. அதனை விடுவிக்க 218 உறுப்பினர்களின் கையெழுத்துத் தேவை. நார்ட்டன் அம்மையார் அக்கையெழுத்துகளைச் சேர்த்தார். ஆனால், டிசம்பரில் சபை மசோதாவை மீண்டும் குழுவுக்கே திருப்பி அனுப்பியது.

1938-ஆம் ஆண்டு மறுபடியும் அதே தடை, மறுபடியும் கையெழுத்து வேட்டை. இடையில், மசோதாவை ஆதரித்த கிளாட் பெப்பர் புளோரிடா மாநிலத்தின் கட்சித் தேர்தலில் வெற்றி பெற்றிருந்தார். தெற்கிலும் மக்கள் இதனை விரும்புகிறார்கள் என்று உறுப்பினர்கள் உணர்ந்தனர். மே 6-ஆம் நாள் வைக்கப்பட்ட மனுவில் 218 கையெழுத்துகளும் இரண்டரை மணி நேரத்துக்குள் நிறைந்துவிட்டன! 1938 ஜூன் 25-ஆம் நாள் ரூஸ்வெல்ட் சட்டத்தில் கையொப்பமிட்டார். மணிக்கு 25 காசு குறைந்தபட்சச் சம்பளம், வாரத்துக்கு 44 மணி நேர வேலை வரம்பு, பெரும்பாலான தொழில்களில் குறைந்தபட்ச வயது 16, ஆபத்தான தொழில்களில் 18 என்று சட்டம் வகுத்தது. 1941-இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்று, 1918-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் கைவிட்டது.

எழுத முடியாதவர்கள்

இங்கேயே கட்டுரையை முடித்தால் நல்ல முடிவாக இருக்கும். ஆனால், வரலாறு இங்கே முடியவில்லை.

1938-ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டின் உழைப்பாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினருக்கே பொருந்தியது. விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்தவர்களும் விடுபட்டனர். தென் மாநிலங்களில் இவ்வேலைகளைச் செய்தவர்களில் பெருந்தொகையினர் கறுப்பின மக்கள். அவர்களிடம் மலிவாக வேலை வாங்கியவர்களின் பிரதிநிதிகள் காங்கிரசில் வலுவாக அமர்ந்திருந்தனர். அம்மக்களுக்கோ, எழுத்தறிவுத் தேர்வு, தேர்தல் வரி போன்ற தந்திரங்களால் வாக்குரிமை பறிக்கப்பட்டிருந்தது. நல்ல பள்ளிக்கூடமும் கொடுக்கவில்லை. பிறகு எழுத்தறிவைச் சோதிக்கிறோம் என்று சொல்லி வாக்கையும் கொடுக்கவில்லை. வாக்கில்லாதவர் எழுதும் கடிதத்துக்கு எந்த உறுப்பினர் அஞ்சுவார்?

கல்வியும் தொழிலாளர் சட்டமும் ஒன்றையொன்று எப்படிப் பற்றிக்கொண்டிருக்கின்றன என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் மறுக்கப்பட்டது வாக்குச்சாவடியிலும் மறுக்கப்பட்டது. வாக்குச்சாவடியில் மறுக்கப்பட்டதால் சம்பளத்திலும் மறுக்கப்பட்டது.

1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே விவசாயத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டனர். வீட்டு வேலை செய்யும் பெண்கள் இன்னும் காத்திருந்தனர். அவர்கள் 1960-களின் இறுதியில் பல நகரங்களில் சங்கங்களாகத் திரண்டனர். 1971-இல் தேசிய மாநாடு நடத்தினர். தங்கள் பிரதிநிதிகளிடம் முறையிட்டனர். அவர்களுக்காகக் காங்கிரசில் குரல் கொடுத்தவர்களுள் முக்கியமானவர் ஷெர்லி சிசம். 1968-இல் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண்மணி அவர். அரசியலுக்கு வருமுன் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர் என்பதை இங்கே பெருமையோடு குறிப்பிட விரும்புகிறேன்! கல்வி, தொழிலாளர் குழுவில் உறுப்பினராக இருந்த அவரும் பிறரும் எடுத்த முயற்சியில் நிறைவேறிய மசோதாவை, 1973-இல் அதிபர் நிக்சன் மறுத்தார். அடுத்த ஆண்டு அவரே கையொப்பமிட்டார். 1974-ஆம் ஆண்டு முதல் வீட்டுப் பணியாளர்களுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் சட்டமாயிற்று. தையல் தொழிற்சாலைப் பெண்களுக்குக் கிடைத்தது இவர்களுக்கு வந்து சேர 36 ஆண்டுகள் பிடித்தன.

பெற்றோர் எழுதியபோது

பெற்றோர்களாகிய உங்களுக்காக இன்னொரு நிகழ்ச்சி. 1970-களின் தொடக்கம்வரை, உடற்குறையோ அறிவு வளர்ச்சிக் குறையோ உள்ள குழந்தையைச் சேர்க்க முடியாது என்று சொல்லும் அதிகாரம் அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றுக்கு இருந்தது. சில மாநிலங்களில் சட்டமே அதற்கு இடம் கொடுத்தது. அத்தகைய குழந்தைகளின் பெற்றோர் சங்கம் அமைத்தனர். பென்சில்வேனியாவில் வழக்குத் தொடுத்து 1972-இல் வெற்றி கண்டனர். காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு எழுதினர். குழுக்களின் முன் சாட்சியம் அளித்தனர். அவர்களுடைய மனு நீண்ட தத்துவமன்று. என் பிள்ளைக்கு இத்தனை வயது, இன்னும் எந்தப் பள்ளியும் ஏற்கவில்லை என்பதே அதன் சாரம்.

1975-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின் முகப்பிலேயே காங்கிரஸ் தான் கண்டறிந்தவற்றைப் பதிவு செய்தது. நாட்டில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட குறைபாடுடைய குழந்தைகள் உள்ளனர். அவர்களில் 10 இலட்சம் பேர் பொதுப்பள்ளியிலிருந்து முற்றாக விலக்கப்பட்டுள்ளனர். வீடுவீடாகப் புலம்பலாக இருந்தது சட்டப் புத்தகத்தில் கணக்காக ஏறிற்று. நவம்பர் 29-ஆம் நாள் அதிபர் போர்டு கையொப்பமிட்டார். ஒரு மாணவருக்கான தேசியச் சராசரிச் செலவில் 40 விழுக்காடு வரை கூட்டரசு ஏற்கும் என்ற வாக்குறுதி மட்டும் இன்றுவரை முழுமையாக நிறைவேறவில்லை. ஆகவே, பெற்றோர்கள் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

யார் படிக்கிறார்?

இப்போது என் மாணவனின் கேள்விக்கு வருகிறேன். காங்கிரஸ் உறுப்பினருக்கு வரும் கடிதங்களைப் பெரும்பாலும் முதலில் படிப்பவர்கள் அவருடைய அலுவலகத்தில் பணியாற்றும் இளைஞர்கள். எந்த மசோதா, ஆதரவா, எதிர்ப்பா, தம் தொகுதியைச் சேர்ந்தவரா என்று பிரித்துக் கணக்கெடுப்பார்கள். பிற தொகுதிக் கடிதத்துக்குப் பொதுவாக மதிப்புக் குறைவு. 2001-ஆம் ஆண்டு அக்டோபரில் செனட் அலுவலகத்துக்கு ஆந்திராக்ஸ் கிருமி கொண்ட கடிதம் வந்த பிறகு, தாள் கடிதங்கள் கதிர்வீச்சினால் கிருமி நீக்கம் செய்யப்பட்டே உள்ளே செல்கின்றன. அதனால் தாமதமும் கூடியது, மின்னஞ்சலும் பெருகியது. ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரே வாசகம் ஆயிரம் பேரின் பெயரில் பறக்கிறது. எனினும், அச்சடித்தாற்போன்ற அந்த வாசகங்களைக் காட்டிலும், தம் சொந்த நிலையைத் தம் சொந்தச் சொற்களில் எழுதும் ஒரு தொகுதிவாசியின் கடிதமே கூடுதல் கவனம் பெறுகிறது என்று அலுவலக ஊழியர்களிடம் எடுக்கப்பட்ட ஆய்வுகள் காட்டியுள்ளன. 1935-இன் பொய்த் தந்தியும் 1936-இன் துண்டுக் கடிதமும் சொன்னதும் இதுதானே!

இன்னொரு செய்தி. 1867-இல் தொடங்கி, 1883-இல் இரண்டாகப் பிரிந்து, 1947-இல் மீண்டும் இணைந்த அந்தக் கல்வி, தொழிலாளர் குழுவின் பெயரிலிருந்து "தொழிலாளர்" என்னும் சொல் 1995-இல் நீக்கப்பட்டது. அதன்பின் சபையில் பெரும்பான்மை கைமாறும்போது அச்சொல் திரும்புவதும் மறைவதுமாக இருந்து வந்துள்ளது. ஒரு சொல்லுக்காக இரு பெருங்கட்சிகளும் இவ்வளவு மெனக்கெடுகின்றன என்றால், சொற்களுக்கு வலிமை இல்லை என்று யார் சொல்வது?

நம் வகுப்பறைக்கு

அன்பார்ந்த ஆசிரியர்களே, இவ்வரலாற்றைப் படித்தபின் கடிதப் பாடத்தை நான் சற்று மாற்றிக்கொண்டேன். இல்லாத ஊரின் இல்லாத விளக்குக்காக எழுதச் சொல்வதில்லை. அவரவர் கண்ணால் கண்ட குறையையே எழுத வேண்டும். எங்கே, எத்தனை நாளாக, யாருக்கு இடையூறு, என்ன வேண்டும் என்ற விவரங்கள் இருக்க வேண்டும். ஒருவர் எழுதியது இன்னொருவர் எழுதியதைப் போல் இருக்கக் கூடாது. அமைப்புமுறை அதன் பிறகுதான்.

பெற்றோர்களே, பிள்ளை வீட்டில் ஏதேனும் குறை சொல்லும்போது, "அதை எழுதிக் காட்டு" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். குறைகூறுவதற்கும் முறையிடுவதற்கும் உள்ள வேறுபாடு அப்போது அதற்குப் புரியும்.

அடுத்த நாள் அந்த மாணவனைக் கூப்பிட்டேன். "யாராவது படிப்பார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. உடனே நடக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆனால், எழுதாதவர்களை விட்டுவிட்டே சட்டம் எழுதப்பட்ட காலம் உண்டு. அது நடந்த கதையை உனக்குச் சொல்கிறேன்" என்றேன். தையல் தொழிற்சாலைப் பெண்ணின் கதையைச் சொன்னேன். விடுபட்டவர்களின் கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவன், தன் குடியிருப்பில் லிப்ட் பழுதடைந்ததால் பாட்டி வீட்டைவிட்டு இறங்க முடியாமல் இருப்பதாகச் சொன்னான்.

"அதை எழுது" என்றேன்.

எழுதிக்கொண்டு வந்தான். இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன. திருத்திக் கொடுத்தேன். உறையில் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி, அவனே அஞ்சல் பெட்டியில் போட்டான். பதிலுக்காக நாங்கள் இருவரும் காத்திருக்கிறோம்.

உங்கள் வகுப்பு அனுபவங்களையும் எழுதுங்கள். மீண்டும் சந்திப்போம்.